கத்தரியோடு சொன்ன சொல்

பனி மூடிய மலைகள் நாற்புறமும் சூழ்ந்து நிற்க, அவற்றின் நடுவே மரமென்று சொல்ல ஒன்றும் இன்றி ஊசிப்புல் மட்டுமே பொன்னிறத்தில் விரிந்து கிடக்கும் கோல்பா என்னும் உயர்நிலச் சிற்றூரில், இரவெல்லாம் உறைந்து கிடந்த ஓடைகள் இளவெயில் பட்டு மெல்ல நெகிழத் தொடங்க, உப்பேரியின் ஓரத்தில் பூநாரைகள் கால் மாற்றி ஊன்ற, மண்வீடுகளின் புற்கூரைகளினின்று சாணப்புகை காற்றின்மையால் நேரே மேலெழ, முகமூடி விழாவின் ஆட்டமும் பாட்டும் ஓய்ந்து சின்னாளே ஆகியிருந்த ஒரு காலைப்பொழுது புலர்ந்தது. மழை விட்டுப்போன திங்கள் அது. புல்லில் சாறு இருந்தது. மேயும் உயிர்களுக்கு ஆண்டில் அதைவிட நல்ல பருவம் வேறில்லை. அவ்வூரில் வானம் மிக அருகில் இருக்கிறது. மாந்தர்தாம் ஒருவருக்கொருவர் தொலைவில் வாழ்கின்றனர்.

அவ்வேளையில், வழிநெடுகப் புழுதியை வாரிப் பூசிக்கொண்டு இருமி இருமி மலையேறி வந்த பழைய வண்டி ஒன்று, இலாரியா என்னும் கைம்பெண்ணின் வீட்டு முற்றத்தில் ஒருவாறு வந்து நின்றது. இறங்கியவர் நிகனோர்; இவ்வூரிலேயே பிறந்து, தலைநகராகிய லீமாவில் கண்ணறுவை மருத்துவராய்ப் பெயர்பெற்று, கப்பல் உடையவரும் சுரங்கம் உடையவரும் தம் அன்னையரின் கண்களை அவர் கையில் ஒப்படைக்க நாள் குறித்துக் காத்திருக்கும் அளவுக்கு உயர்ந்தவர். அவர் ஒரு திங்களில் ஈட்டுவதைக் கோல்பாவின் ஒரு குடும்பம் தன் வாழ்நாள் முழுதும் கண்ணால் காணாது. ஆயினும், அன்பரே, அவருடைய மேலங்கியின் முழங்கை தேய்ந்து நூல் தெரிந்தது. வண்டியோ, விலையின்றிக் கொடுத்தாலும் கொள்வார் இல்லாத வண்டி. ஊரார் என்ன நினைத்தனர் என்று நான் சொல்லவும் வேண்டுமோ? பிசினாறி என்றே நினைத்தனர். சிலர் நினைத்ததோடு நில்லாமல் சொல்லவும் செய்தனர்.

உண்மை வேறு. இளமையில் ஒருமுறை பெருங்காட்டு ஆற்றின் வழியே படகில் சென்ற நிகனோர், கரையோரக் குடில்களில் கண்புரை மூடியவர் நாள்முழுதும் ஒரே இடத்தில் அமர்ந்து, கைக்கு எட்டும் தொலைவையே தம் உலகாய்க் கொண்டு வாழ்வதைக் கண்டு உள்ளம் உடைந்து, தாம் ஈட்டுவதில் பாதிக்கு மேல் அவர்களுக்கே உரியது என்று தமக்குள் உறுதி பூண்டார். அன்றுதொட்டு அந்த ஆறுகளில் கண்மருத்துவரை ஏற்றிச் செல்லும் படகுகள் அவர் பொருளால் ஓடின. தம் பெயர் எங்கும் வரக்கூடாது என்றார், வரவில்லை. எங்கே கொடுத்தால் மிகுதியான கண்கள் திறக்குமோ அங்கே கொடுப்பதே நேர்மை, பிறந்த ஊர் என்பதற்காக அங்கே கொடுப்பது தன்னையே தான் விரும்புவதன் மற்றொரு வடிவம் என்று கருதி, கோல்பா கேட்ட கோயில்மணிக்கும், பந்தாட்டச் சட்டைகளுக்கும், விழா மேளத்துக்கும் இல்லை என்றே விடை சொன்னார். அவ்வெண்ணத்தில் குறைகாண எனக்கு எளிதில் வாயெழவில்லை. கண் தெரியாதவர் முன்னே போய் நின்று எங்களுக்கு மணி வேண்டும் என்று கேட்க எவருக்குத் துணிவு வரும்?

ஆயினும் ஒன்று சொல்வேன். எவர் கண்ணிலும் படாமல் கொடுப்பதில் ஒரு சிறு செருக்கு ஒளிந்திருக்கிறது. முகம் காட்டாமல் கொடுப்பவன் எவர் முகத்தையும் காணாமலே போய்விடுகிறான். லீமாவில் கடலைப் பார்த்த வீட்டில் நிகனோர் தனியே சமைத்து, தனியே உண்டு, ஒரு தட்டையும் ஒரு குவளையையும் கழுவிக் கவிழ்த்து வைத்து வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. அவரால் ஒளி பெற்றவர் எண்ணிறந்தோர். மாலையில் கதவைத் திறக்கும்போது ‘வந்துவிட்டாயா’ என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. கடல்மூடுபனி சாளரத்தை வந்து அப்பும் நாட்களில் விளக்கும் ஏற்றாமல் நெடுநேரம் அமர்ந்திருப்பார். அத்தனிமை அவரை உள்ளிருந்து தின்றது. இதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்நிலையில்தான் எலாடியோ இறந்துபோன செய்தி அவரை வந்தடைந்தது. சிறுவயதில் அவரோடு ஒரே போர்வையுள் முடங்கி மந்தை காத்த தோழன் எலாடியோ. சுமைவண்டி மலைவளைவில் உருண்டபோது அடிபட்டு, உயிர் பிரியுமுன் மனைவி இலாரியாவின் கையைப் பற்றி, தன் ஒரே மகளுக்கு நிகனோரே முடித்தந்தை ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவன். வேறு எதற்கும் கோல்பாவுக்கு இல்லை என்றே சொல்லிப் பழகிய மருத்துவர், இதற்கு மட்டும் ஆம் என்றார். சொன்னபின் தொலைபேசியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

கோல்பாவில் பிறந்த பிள்ளையின் முடியை முதற்சில ஆண்டுகள் எவரும் தொடுவதில்லை. பின்னர் ஒரு நன்னாளில் அதைச் சிறுசிறு பின்னல்களாய்ப் பிரித்து நாடா கட்டி, ஊரார் ஒவ்வொருவரும் ஒரு பின்னலைக் கத்தரித்து, கத்தரி கையில் இருக்கும்போதே தாம் அப்பிள்ளைக்குத் தரும் கொடையை வாய்விட்டுச் சொல்வர். முதலில் கத்தரிப்பவனே முடித்தந்தை. பெற்றவனுக்கு அடுத்த தகப்பன் அவன். அவன் கொடைக்கு மேற்பட்ட கொடையை எவரும் சொல்வதில்லை. சொன்னால் அது அவனை அவையில் அறைவதற்கு ஒப்பு. கத்தரியோடு சொன்ன சொல்லை மாற்றிச் சொல்லும் வழக்கமும் அங்கே இல்லை.

இலாரியாவுக்கோ அந்நாளில் எல்லாமே அடங்கியிருந்தது. அவள் வேற்றூரிலிருந்து வந்தவள். எலாடியோ கடைசி மகனாய்ப் பிறந்து, மேய்ச்சல் நிலத்தில் பங்கின்றிப் போனவன். அவ்வூரில் புல்வெளியை விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. லீமாவின் செல்வம் முழுதையும் கொண்டுவந்து கொட்டினாலும் ஒரு பிடி புல்லுக்கு உரிமை கிட்டாது. வழி ஒன்றே உண்டு. முடி களையும் நாளில் ஒரு வீட்டார், அம்மலைகளில் கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்காவில் தாய் ஒன்றைக் கொடையாய்ச் சொன்னால், அது அவ்வீட்டாரின் மலைச்சரிவில் மேயும் உரிமையோடு வரும். அதன் ஈற்றுக்கும் ஈற்றின் ஈற்றுக்கும் அவ்வுரிமை தொடரும். பல வீட்டார் சொன்னால் பல சரிவுகள் அப்பிள்ளைக்குத் திறக்கும். எவரும் சொல்லாவிட்டால், தாயும் மகளும் பொன்சுரங்கக் குடியிருப்புக்கு ஏறிப்போய்ப் பனிக்காற்றில் கல் பொறுக்கிப் பிழைக்க வேண்டியதுதான். அங்கே போன பெண்கள் எப்படித் திரும்பினர் என்பதைக் கோல்பா அறியும்.

முற்றத்தில் கால்வைத்த நிகனோர், மதிலோரம் கட்டப்பட்டிருந்த அல்பாக்காக்களைக் கண்டார். வெள்ளையும் பழுப்பும் கருமையுமாய்க் காதுகளில் சிவப்புக் குஞ்சம் தொங்க அவை அசைபோட்டு நின்றன. விழாவுக்குக் கட்டிய குஞ்சத்தை இன்னும் அவிழ்க்கவில்லை போலும் என்று எண்ணியவராய், அவற்றைக் கடந்து உள்ளே போனார்.

உள்ளே ஊரார் சுவரோரமாய் அமர்ந்து, அம்மலையில் வெற்றிலைபோல் மெல்லும் கோக்கா இலையைப் பகிர்ந்து மென்றுகொண்டிருந்தனர். நடுவே ஒரு கம்பளத்தின்மேல், தலைநிறையச் சின்னஞ்சிறு பின்னல்களும் நுனிதோறும் நாடாக்களுமாய், சபீனா என்னும் அச்சிறுமி ஆடாமல் அசையாமல் அமர்ந்திருந்தாள். இலாரியா மகளின் தோளைத் தொட்டாள்.

“யாரு வந்திருக்காங்க பாரு. எப்பிடிக் கூப்பிடணும்னு சொல்லிக் குடுத்தேன்?”

“பத்ரீனோ,” என்றாள் சிறுமி. பின்பு அவரை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க கண்ணு டாக்டருதானே? அப்புறம் ஏன் கண்ணாடி போட்டிருக்கீங்க? உங்களுக்கே கண்ணு தெரியாதா?” என்று கேட்டாள்.

வீடு சிரித்தது. நிகனோரும் சிரித்தார், ஆனால் முடித்தந்தையை அழைக்கும் அச்சொல், இதுவரை எவரும் அவரை அழைத்திராத அச்சொல், நெஞ்சில் சென்று தைத்தது. “கொஞ்சம் தெரியும்மா,” என்றார் ஒருவாறு.

“வாய்யா டாக்டரு!” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. பேசியவன் பெர்மீன், ஊரிலேயே பெரிய மந்தைக்கு உடையவன், பள்ளியில் நிகனோரோடு ஒரே பலகையில் அமர்ந்தவன், குளித்தாலும் தொப்பியைக் கழற்றமாட்டான் என்று பெயர் வாங்கியவன். “போன தடவை வந்தப்போ போட்டிருந்த அதே கோட்டுதானே? பாவம், அதுக்கு ஓய்வு குடுக்கக் கூடாதா?”

“சும்மா இரு பெர்மீன். கொம்பாத்ரே இவ்வளவு தூரம் வந்திருக்காரு, முதல்ல உக்காரட்டும்,” என்றாள் இலாரியா. மகளின் முடித்தந்தையைத் தாய் அழைக்கும் உறவுமுறை அது. அவள் அதைச் சொன்னபோது அவள் குரலில் பெருமை இருந்தது.

“உக்காரட்டுமே. உக்கார்றதுக்குக் காசா பணமா? அதை மட்டும் தாராளமாச் செய்வாரு!”

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. நிகனோர் தலைகுனிந்து புன்னகைத்து, கொடுத்த இலையை வாங்கி வாயிலிட்டுக்கொண்டார். இத்தகைய ஏளனம் அவருக்குப் புதிதன்று. ஆற்றுப்படகுகளை நினைத்துக்கொண்டு அதைப் பொறுத்துப் பொறுத்து, அப்பொறுமையிலேயே ஒரு மறைவான இன்பத்தையும் அவர் கண்டிருந்தார்.

பிறகு கத்தரியை நாடா சுற்றிய தட்டில் வைத்து அவர்முன் நீட்டினர். கண்ணின் மெல்லிய தோலை அறுத்துப் பழகிய அக்கை, ஒரு சிறுமியின் பின்னலைப் பிடித்தது. அக்கணத்தில் அவர் உள்ளத்தில் வந்து நின்றது தம் இளமைக்காலத்துக் காட்சி ஒன்று. அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முடித்தந்தையாய் வந்த சுரங்கத்து முதலாளி, கத்தரியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு காளைகளைக் கொடையாய்ச் சொல்ல, காளைக்குப் பின்னே கோழி என்று சொல்ல நாணிய நிகனோரின் தந்தை, வீட்டிலிருந்த ஒரே கறவைப் பசுவைச் சொல்லிவிட்டுத் தலைதொங்க வீடு திரும்பினார். அவ்வாண்டு முழுதும் அவர்கள் பாலை வாயில் வைக்கவில்லை. செல்வன் உயரச் சொன்னால் ஏழை உடைந்துபோவான் என்பதை அச்சிறுவன் அன்று கற்றான். அதை மறக்கவே இல்லை. எனவே, இவர்களை நான் வருத்தமாட்டேன், சிறிதாய்ச் சொல்வேன், பிறகு எவரும் அறியாமல் திங்கள்தோறும் இலாரியாவுக்கு வேண்டியதை அனுப்புவேன் என்று வழியெல்லாம் எண்ணி முடிவுசெய்து வந்திருந்தார்.

பின்னல் அறுந்து கையில் விழுந்தது. “ஓர் ஆட்டுக்குட்டி,” என்றார் நிகனோர்.

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. இலாரியாவின் முகத்தில் நிறம் வடிந்தது; ஆயினும் அவள் வளர்ந்த முறை அவளைக் கைவிடவில்லை. “நல்ல கொடை, கொம்பாத்ரே. அவ அதை நல்லா வளப்பா,” என்று சொல்லி, சோளக்கள்ளை முதற்குவளையாய் அவருக்கே வார்த்தாள். அவள் நெகிழ்ந்து போயிருக்கிறாள் என்று எண்ணி அவர் அதைப் பருகினார். கற்றறிந்த ஒருவர் இவ்வளவு மகிழ்ச்சியோடு இவ்வளவு பெரிய தவறு செய்வதை நான் கண்டதில்லை.

கத்தரி கைமாறியது. அடுத்து எழுந்த பெண் ஒருத்தி பின்னலைப் பிடித்து, கதவுக்கு வெளியே ஒருமுறை பார்த்து, பெருமூச்சு விட்டு, “ஒரு கோழி,” என்றாள். அவளுக்குப் பின் வந்தவன் தானும் வெளியே பார்த்துவிட்டு, “ஒரு போர்வை,” என்றான். அவன் பார்வை போன வழியே நிகனோரின் பார்வையும் போயிற்று. மதிலோரம் நின்ற பழுப்பு அல்பாக்கா ஒன்று, தன்னை உடையவனின் குரல் கேட்டுக் காதை நிமிர்த்தியது. காதில் இருந்த குஞ்சம் புதிது. விழாவில் கட்டியதாய் இருந்தால் புழுதி படிந்து கசங்கியிருக்கும். அது இன்று காலை கட்டியது. மதிலோரம் நின்றவை எல்லாம் இன்று காலை கட்டிய குஞ்சத்தோடு, தாய் விலங்குகளாய், கொடுக்கப்படுவதற்காகவே வந்து நின்றன.

அப்போதுதான் மருத்துவரின் கண் திறந்தது. பசுவை இழந்த தந்தையை நினைத்து, இவர்களுக்கு எதையும் இழக்க மனமிராது என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். இவர்களோ ஊரார் கூடிப்பேசி, எலாடியோவின் மகளுக்காக ஆளுக்கொரு சரிவைத் திறந்துவைக்க வந்திருந்தனர். அவர் அவற்றையெல்லாம் ஓர் ஆட்டுக்குட்டியின் உயரத்துக்கு வெட்டி எறிந்துவிட்டார். குட்டிக்கு மேல் தாய் அல்பாக்காவை எவர் சொல்வார்? கொடாமல் கெடுத்தவரைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம்; இரக்கத்தால் பிறர் கொடையையும் தடுத்துவிட்டவர் இவர். திங்கள்தோறும் லீமாவிலிருந்து எவ்வளவு வந்தாலும் அது ஒரு பிடி புல்லாகாது.

கத்தரி பெர்மீனின் கைக்கு வந்தது. அவன் பின்னலைப் பற்றியவாறே, எவரையும் பாராமல் பேசினான்.

“எங்கூட்டு வெள்ளைய விடியறதுக்கு முன்னாடியே கிளப்பி, ஓடையெல்லாம் தாண்டி இழுத்துக்கிட்டு வந்தேன். சினையா வேற இருக்கு. இப்பத் திரும்ப இழுத்துக்கிட்டுப் போகணும். அதுகிட்ட என்னன்னு சொல்ல?” பின்பு நிகனோரை நோக்கித் திரும்பினான். “ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. இவ்வளவு சம்பாதிச்சு எங்கய்யா கொண்டுபோய் வைக்கிறே?”

எவரும் சிரிக்கவில்லை. நிகனோரின் நாவின் நுனியில் விடை வந்து நின்றது. ஒரு வாக்கியம் போதும். அவ்வீடு முழுதும் நாணித் தலைகவிழும். பிசினாறி என்னும் பெயர் அன்றோடு மாயும். அவர் வாய்திறக்கவில்லை. முன்னெல்லாம் செருக்கினால் வாய்மூடியிருந்தவர், அன்று அந்த விடையால் சபீனாவுக்கு ஒரு பயனும் இல்லை என்று கண்டதனால் வாய்மூடினார். எழுந்து நின்றார்.

“பெர்மீன், நில்லு. கோழின்னு சொல்லிடாதே,” என்றார். “நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்களுக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு நினைச்சேன். வெளிய நிக்கிறதைப் பாத்தும் எனக்குப் புரியலை.”

“புரிஞ்சு என்ன பண்ண? கத்தரியோட சொன்னது சொன்னதுதான். மாத்த முடியாது, உனக்கே தெரியும்.”

“மாத்த வேணாம். என்னைத் தாண்டிச் சொல்லு.”

பெர்மீனின் கை பின்னலிலிருந்து நழுவியது. சுவரோரம் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. முடித்தந்தையைத் தாண்டிச் சொல்வது கோல்பாவில் ஒருமுறைதான் நிகழ்ந்திருந்தது. அதுவும் தீராப்பகை கொண்ட இரண்டு குடும்பங்களுக்கிடையே, ஒருவரை ஒருவர் அழிக்கவென்றே. தாண்டியவன் அக்கணமே முடித்தந்தை ஆவான். அதுவரை சொன்ன சொற்கள் யாவும் வீழ்ந்து, கொடை முதலிலிருந்து தொடங்கும். தாண்டப்பட்டவன் தான் சொன்ன கொடையையும் கொடுக்கும் தகுதி இழந்து, அவ்வீட்டில் ஒரு வாய் உண்ணாமல் வெளியேறி, அப்பிள்ளை மணம் முடிக்கும் நாள்வரை அவ்வாயிலை மிதிக்கலாகாது.

“வேணாம் கொம்பாத்ரே!” என்று இலாரியா பதறி எழுந்தாள். “என் புருசன் உசுரு போறப்ப உங்க பேரைத்தான் சொன்னாரு. குட்டியே போதும். நாங்க எப்படியாச்சும் பொழைச்சுக்குறோம்.”

“சுரங்கத்துல கல் பொறுக்கியா?” என்று அவர் மெல்லக் கேட்டார். “எலாடியோ எம்பேரைச் சொன்னது உங்களை அங்க அனுப்புறதுக்கு இல்லம்மா.”

பெர்மீன் அவர் அருகில் வந்து, மற்றவர் கேளாதபடி குரலைத் தாழ்த்தினான். ஏளனம் அவன் முகத்திலிருந்து போயிருந்தது.

“டேய் நிகனோர், யோசிச்சுப் பேசு. நான் சொல்லிட்டா நீ வெளிய போகணும். இந்தப் புள்ள உன்னைப் பத்ரீனோன்னு கூப்பிடாது. உனக்கு வேற யாருடா இருக்கா?”

இப்படியொரு கேள்வியை எவரும் அவரிடம் கேட்டதில்லை. கண்ணீர் வந்துவிட்டது, அவர் அதை மறைக்கவில்லை.

“யாரும் இல்லைடா,” என்றார். “அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன். சொல்லு.”

பெர்மீன் திரும்பிச் சென்று, கம்பளத்தருகே மண்டியிட்டு, பின்னல் ஒன்றைப் பற்றிக் கத்தரித்து, வேண்டாவெறுப்பாய், ஆனால் வீடே கேட்கும்படி உரத்துச் சொன்னான்.

“தாய் அல்பாக்கா ஒண்ணு. வெள்ளை. சினையா இருக்கு. எங்க வடக்குச் சரிவுப் புல்லோட.”

அடைபட்ட ஓடை உடைந்தாற்போல அதற்குப் பின் சொற்கள் வந்தன. கோழி சொன்னவள் மீண்டும் எழுந்து தன் கருநிற அல்பாக்காவை மேற்குச் சரிவோடு சொன்னாள். போர்வை சொன்னவன் ஏரிக்கரைப் புல்லோடு ஒன்றைச் சொன்னான். சுவரோரமிருந்த ஒவ்வொருவரும் அடுத்தவர் முடிக்கும்வரை பொறுக்காமல் கத்தரிக்குக் கை நீட்டினர். இலாரியா வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த ஆரவாரத்தின் நடுவே நிகனோர் தம் கையிலிருந்த முதற்பின்னலை, வழக்கப்படி, தட்டில் திருப்பி வைத்தார். அதை வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. நாடாவோடு சேர்ந்து அது மிக இலேசாய் இருந்தது.

உண்பதற்கு அடுப்பில் வெந்துகொண்டிருந்த இறைச்சியும், பனியில் உறையவைத்து உலர்த்திய கருங்கிழங்கும் மணத்தன. காலையிலிருந்து அவர் ஒன்றும் உண்ணவில்லை. வாயிலைக் கடக்கும்போது இலாரியா பின்னே வந்து நின்றாள். அழைப்பதற்கு அவள் வாய் திறந்து, சொல் மாறி, ஒரு கணம் தடுமாறியது.

“டாக்டரய்யா,” என்றாள். “பாத்துப் போங்க. வழியெல்லாம் வளைவு.”

அவர் தலையசைத்துவிட்டு முற்றத்தைக் கடந்தார். வெயில் ஏறியிருந்தது. வண்டியின் கதவில் கைவைத்தபோது, பின்னாலிருந்து, ஓடிவரும் சிறு காலடிகளோடு, “பத்ரீனோ!” என்று ஒரு குரல் உயர்ந்தது.

நிகனோர் திரும்பினார். அவர் முகத்தை அப்போது நீங்கள் கண்டிருக்க வேண்டும், அன்பரே. கண்டிருந்தால் இக்கதையை நான் சொல்லவே வேண்டாம். பாதி முடி களைந்த தலையோடு சபீனா முற்றத்தில் ஓடிவந்தாள். அவரை நோக்கி அன்று. மதிலோரம் வெள்ளை அல்பாக்காவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த பெர்மீனின் காலை அவள் கட்டிக்கொண்டாள்.

“பத்ரீனோ, இது எனக்கா?”

“உனக்குத்தான்டி. கயித்தைப் பிடி. இழுக்காதே, உள்ளே குட்டி இருக்கு.”

பெர்மீன் அவள் தலைக்கு மேலே நிகனோரைப் பார்த்தான். குளித்தாலும் கழற்றாதவன் என்று ஊர் சொல்லும் அத்தொப்பியைக் கழற்றி, மார்போடு வைத்துக்கொண்டு, வண்டி மலைவளைவில் மறையும்வரை அப்படியே நின்றான்.

லீமாவில் மூடுபனி மீண்டும் சாளரத்தை அப்பியது. ஒரு தட்டும் ஒரு குவளையும் மீண்டும் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. பெருங்காட்டு ஆறுகளில் படகுகள் முன்போலவே ஓடின, யார் பொருளால் என்று எவரும் அறியாமல். கோல்பாவிலோ, கைம்பெண் ஒருத்தியின் மந்தை நான்கு திசைச் சரிவிலும் மேய்ந்து பெருகிற்று. ஊர்வாய் எக்கதையையும் சுருக்கிவிடும், இதையும் சுருக்கிற்று. ஓர் ஆட்டுக்குட்டியைச் சொல்லிவிட்டு, அதையும் கொடுக்காமல் வண்டியேறி ஓடிப்போன பிசினாறி மருத்துவரின் கதை அங்கே குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அதைக் கேட்டு முதலில் சிரிப்பவள் சபீனாதான். பெர்மீன் ஒருவன்தான் சிரிப்பதில்லை.

மிகுதியாய் ஈட்டுபவன் மிகுதியாய்க் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதில் எனக்கு ஐயமில்லை. கையிலிருக்கும் பொருளைக் கொடுத்ததும் அக்கடன் தீர்ந்துவிடுகிறது என்பதில்தான் ஐயம். பிறர் தம் கொடையோடு முன்னே வருவதற்கு இடம்விட்டு விலகி நிற்பதும் சிலவேளை அக்கடனில் சேரும். அது பொருளைப்போல எளிதில் கைவிட்டுப் போவதன்று. நிகனோர் தம் வாழ்நாளில் கொடுத்தவற்றுள் பெரியது எது என்று என்னைக் கேட்டால், படகுகளைச் சொல்லமாட்டேன். அவர் எதையும் கொடாமல், உண்ணாமல், வெறுங்கையோடு அவ்வீட்டை விட்டு இறங்கிப்போன அந்த நடுப்பகலையே சொல்வேன். அந்த முற்றத்தில், தமக்கு உரியதல்லாத ஓர் அழைப்புக்கு அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதன்பின் அவரை அப்பெயரால் எவரும் அழைக்கவில்லை.